முழுக் கருப்பு ரோடு சைக்கிளில் கார்பன் வீல், டியூபுலர் டயர் போட ஆசை. தருமபுரி, கிருஷ்ணகிரி சாலைகளுக்கு ஒத்துவருமா? டயரை எப்படி ஒட்டுவது?

ஒத்துவரும். ஆனால் நிறத்தைவிடப் பசையைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். டியூபுலர் என்பது டியூபை உள்ளே வைத்துத் தைத்த டயர்; அதற்கான ரிம்மில் டயரைக் கவ்விப் பிடிக்கும் விளிம்பு கிடையாது. பசையும் காற்றழுத்தமும்தான் பிடி. பசை விட்டால் வளைவில் டயர் கழன்று வந்துவிடும்.

இன்னும் ஃப்ரேம் வாங்கவில்லையென்றால் டிஸ்க் பிரேக் எடுங்கள். ரிம் பிரேக்கில் சூடு முழுக்க ரிம்மில் ஏறும். அலுமினியம் அதைச் சீக்கிரம் காற்றில் விட்டுவிடும். கார்பனில் அங்கேயே தேங்கிப் பசையை இளக்கும். தொப்பூர் கணவாயிலும் வத்தல்மலை இறக்கத்திலும் பிரேக்கைத் தேய்த்தபடியே இறங்குவது ஆபத்து. ரிம் பிரேக்தான் என்றால் கார்பனுக்கான பேட் போட்டு, வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து உடனே விடுங்கள். அலுமினிய ரிம்மில் ஓடிய பேடை மாற்றிப் போடாதீர்கள். அதில் பதிந்த உலோகத் துகள் கார்பனை அறுக்கும்.

ஒட்டும் வேலைக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். முதலில் பசையில்லாமல் டயரை மாட்டி, காற்றடித்து, ஒரு நாள் விடுங்கள். டயர் இழுபட்டுக் கொடுக்கும். ரிம்மின் ஒட்டும் பரப்பை அசிட்டோனால் துடைத்து, பிரேக் படும் இடத்தை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். கார்பனுக்கென்று விற்கும் பசையே வேண்டும். கான்டினென்டல் தயாரிப்பில் அப்படி ஒன்று உண்டு. ரிம்மில் மெல்லிய இரண்டு பூச்சு, டயரின் அடித்துணியில் ஒரு பூச்சு. ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய வேண்டும். தடிமனாக ஒரே தடவையில் அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே கிடக்கும். இப்படி ஒட்டினால் டயர் கழலும்.

அவை காய்ந்தபின் கடைசியாக இன்னொரு மெல்லிய பூச்சை ரிம்மில் தடவி, இதில் மட்டும் பிசுபிசுப்பு இருக்கும்போதே மாட்டுங்கள். வால்வு ஓட்டை மேலே இருக்கும்படி வீலைத் தரையில் நிறுத்தி, வால்வைச் செருகி, இரு கையாலும் டயரைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே வாருங்கள். எதிர்ப்பக்கத்தில் மிஞ்சும் ஒரு சாண் நீள டயரை, வீலைத் தூக்கிப் பிடித்துக் கட்டைவிரலால் ஏற்றுங்கள். கொஞ்சம் காற்றடித்து வீலைச் சுற்றி, அடித்துணி இருபுறமும் சமமாகத் தெரிகிறதா என்று பார்த்து நேராக்குங்கள். பிறகு டயரில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்குள் நிறையக் காற்றடித்து ஒரு நாள் விடுங்கள். ஓட்டுவதற்கு முன் காற்றை இறக்கி, டயரைப் பக்கவாட்டில் பலமாகத் தள்ளுங்கள். ஓரத்தில் இடைவெளி தெரிந்தால் பிரித்து மறுபடி ஒட்டத்தான் வேண்டும்.

50 மி.மீ. ஆழ ரிம்முக்கு வால்வு எக்ஸ்டென்டர் (வால்வை நீட்டும் குழாய்) தேவை. அதன் மரையில் டெஃப்லான் டேப் சுற்றாவிட்டால் காற்று கசியலாம். 65 கிலோ எடையுள்ளவருக்கு 25 மி.மீ. டயரில் ஏறக்குறைய 7 பார் போதும், முன் சக்கரத்துக்குச் சற்றுக் குறைவாக. வெயிலில் நிறுத்திவைத்தால் கருப்பு ரிம் வெகுவாகச் சுடும், நிழல் தேடுங்கள்.

கருப்பு விஷயத்தில், கிளியர் கோட்டுக்கு (நிறமில்லா மேல்பூச்சு) மேல் ஒட்டிய ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் இளக்கி உரிக்கலாம். அடியில் அச்சிட்டதை விட்டுவிடுங்கள். பெயின்ட் ரிமூவர் கார்பன் இழைகளைப் பிணைத்திருக்கும் ரெசினையே தின்றுவிடும். கருப்புச் செயின் பல் படும் இடத்தில் சீக்கிரம் வெளுக்கும், அதைத் தடுக்க முடியாது. பகலில் கருப்பாகவும் ஹெட்லைட் பட்டால் வெள்ளையாகவும் தெரியும் ரிஃப்ளெக்டிவ் டேப் கிடைக்கிறது. பின் ஃபோர்க்கில் ஒட்டுங்கள். தேசிய நெடுஞ்சாலை 44-இல் இருட்டியபின் லாரிக்காரருக்கு நீங்கள் தெரிய வேண்டும்; பின்விளக்கும் கட்டாயம்.

சீமைக்கருவேல முள் இங்கே எங்கும் உண்டு. வால்வின் உள்பகுதியான கோரைக் கழற்றி 30 மி.லி. சீலன்ட் (ஓட்டை அடைக்கும் திரவம்) ஊற்றினால் சின்ன ஓட்டைகள் அடைபடும். பெரிய கிழிசலுக்கு, பசை தடவிக் காய்ந்த உதிரி டயர் ஒன்றைச் சீட்டுக்கு அடியில் கட்டிக்கொள்ளுங்கள். வழியில் அதை மாட்டினால் முழுப் பிடி இருக்காது. வளைவுகளில் மெதுவாக வந்து, வீட்டில் கழற்றிப் புதிதாக ஒட்டிவிடுங்கள்.