நல்லது செய்வது யாருக்காக?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் அப்பாவை மதுரை பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இரவில் நான்தான் கூட இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் உசிலம்பட்டிப் பக்கத்துத் தாத்தா ஒருவர். அவருக்குத் துணையாக இருந்த பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்பார். ஸ்கேன் எடுக்க அவர்களோடு போனேன். கீழே இறங்கும்போதெல்லாம் அவர்களுக்கும் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கி வந்தேன். அவ்வளவுதான். ஆனால் பல வருடங்களாக இல்லாத ஒரு நிறைவு அந்த நாட்களில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பழைய வெறுமை. கடை, கணக்கு, கடன். நீங்கள் முன்பு எழுதிய 'யாவர்க்குமாம்' பாட்டை எடுத்து மறுபடி படித்தேன். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெந்நீர் வாங்கிக் கொடுப்பதில் வாழ்க்கைக்கு என்ன பெரிய அர்த்தம் வந்துவிடப் போகிறது? அந்தத் தாத்தா பிழைத்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. யோசித்தால், என் மன நிறைவுக்காகத்தானே அதைச் செய்தேன் என்றும் தோன்றுகிறது. அப்படியானால் அதுவும் சுயநலம்தானே?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்), திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா இப்போது எப்படி இருக்கிறார்? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

நீங்கள் சொல்லும் பாட்டு திருமூலருடையது. படிக்காதவர்களுக்காக இங்கே தருகிறேன்.

யாவர்க்கு மாம்இறை வற்குஒரு பச்சிலை
யாவர்க்கு மாம்பசு வுக்கொரு வாயுறை
யாவர்க்கு மாம்உண்ணும் போதொரு கைப்பிடி
யாவர்க்கு மாம்பிறர்க்கு இன்னுரை தானே.

எவ்வளவு குறைவாகக் கேட்கிறார் பாருங்கள். சாமிக்கு ஒரு பச்சிலை, மாட்டுக்கு ஒரு வாய்ப் புல், சாப்பிட உட்காரும்போது இல்லாதவருக்கு ஒரு பிடிச் சோறு, அடுத்தவரிடம் ஒரு நல்ல வார்த்தை. உங்கள் வெந்நீரை இதற்குப் பக்கத்தில் தாராளமாக வைக்கலாம். அந்தப் பாட்டிக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது வெந்நீரும், சீட்டைப் படித்துச் சொல்ல ஓர் ஆளும். இரண்டும் கிடைத்தன. தாத்தா பிழைத்தாரா இல்லையா என்பதை வைத்து அதன் மதிப்பு கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

சரி, சுயநலம்தானே என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்குப் புறநானூற்றில் நேரடியான பதில் இருக்கிறது. பொதிய மலைப் பக்கம் ஆண்ட ஆய் அண்டிரனை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய 134-ஆம் பாட்டு.

இம்மைச் செய்தது மறுமைக் காமெனும்
அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்
பிறரும் சான்றோர் சென்ற நெறியென
ஆங்குப் பட்டன்று அவன்கை வண்மையே.

இங்கே செய்தால் அங்கே கிடைக்கும் என்று கணக்குப் போட்டு அறத்தை விற்கிற வியாபாரி இல்லை ஆய். நல்லவர்கள் போன வழி இது, அதனால் அவன் கையும் அந்த வழியில் போகிறது. மறுமை என்று இருக்கும் இடத்தில் உங்கள் மன நிறைவை வைத்துப் படியுங்கள். கடை வைத்திருப்பவர் நீங்கள், சட்டென்று பிடிபடும். நல்லது செய்யும்போது சந்தோஷம் வந்தால் வரட்டும், அதில் குற்றமே இல்லை. சந்தோஷம் வராத நாளிலும் கை அந்தப் பக்கம் போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சான்றோர் என்றதும் பெரிய ஆட்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊர்ப்பக்கத்துப் பழைய பாதையோரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். நட்டுவைத்த இரண்டு கல், மேலே குறுக்காக ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு தனியாக நடந்து வருகிறவருக்கு அதைக் கீழே இறக்கவும் ஆள் வேண்டும், திரும்பத் தூக்கிவிடவும் ஆள் வேண்டும். ஆளில்லாத பாதையில் கல்தான் அந்த ஆள். தலை உயரத்துக்குப் பக்கத்தில் பலகை இருப்பதால், லேசாகக் குனிந்து சுமையை அதன்மேல் நகர்த்திவிடலாம். கழுத்தைத் தடவிவிட்டு, வெற்றிலை போட்டு, மறுபடி தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போகலாம்.

இந்தக் கற்களில் பலவற்றை நட்டது, வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் குடும்பத்தார். அவள் இறக்கிவைக்காமல் போன சுமைக்காக, வழியில் போகிற யாரோ தன் சுமையை இறக்கிவைக்கட்டும் என்று. அந்தத் துக்கத்தில் இப்படி ஒன்று தோன்றியிருக்கிறதே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். யார் வந்து சுமை இறக்கினார்கள், அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்களா என்று நட்டவர்களுக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் உங்கள் கை போனது இவர்கள் போன வழியில்தான்.

இன்னொன்று, உரிமையோடு சொல்கிறேன். திருமூலர் கடைசியாக வைத்த இன்னுரை செலவே இல்லாதது. ஆனால் நான்கிலும் அதுதான் கஷ்டம் என்பேன். ஆஸ்பத்திரி ஒரு வாரத்தில் முடிந்துவிடும், கடையும் வீடும் தினமும் உண்டு. வெறுமை அங்கேதான் வருகிறது என்றால் அங்கேயே ஆரம்பியுங்கள். கடையில் வேலை பார்க்கிறவர் மத்தியானம் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். கடன் கேட்டு வருகிறவருக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தாலும், உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

அப்புறம், சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வரும் வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல் போடுவார்கள். பணம் கொடுக்க ஆள் உண்டு, வெயிலில் நின்று டம்ளர் கழுவத்தான் ஆள் போதாது. நண்பர்கள் சிலர் சேர்ந்து தல்லாகுளம் பக்கம் ஒரு பந்தல் போடுகிறோம். அழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று காலையிலேயே வந்துவிடுங்கள். அப்பாவுக்கு உடம்பு தேறியிருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள், நிழலில் நாற்காலி போட்டுவைக்கிறேன்.