மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டையை மர்ரோதான் நிறுத்தினாரா?

1954 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் செய்தியாளர் எட்வர்ட் மர்ரோ வழங்கிய அரைமணி நேர நிகழ்ச்சியே, அரசுக்குள் கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருப்பதாகப் போதிய ஆதாரமின்றிப் பலரைக் குற்றம்சாட்டிவந்த செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியை வீழ்த்தியதா என்று கேட்டிருக்கிறீர்கள். அது மட்டுமே என்று சொல்ல முடியாது. பத்திரிகையாளர் ட்ரூ பியர்சனும் கேலிச்சித்திரக்காரர் ஹெர்பிளாக்கும் அவரைப் பல ஆண்டுகளாக எதிர்த்து வந்தார்கள்; அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த, ராணுவத்துக்கும் மெக்கார்த்திக்கும் இடையிலான தகராறு பற்றிய செனட் விசாரணையின் நேரடி ஒளிபரப்பில் அவருடைய அடாவடியை மக்கள் கண்ணாரக் கண்டார்கள்.

ஆனால் மர்ரோவின் உண்மையான பங்கு, என் பார்வையில், அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. மிச்சிகன் மாநிலத்தின் டெக்ஸ்டர் என்ற சிற்றூரில் வசித்த மைலோ ரடுலோவிச் என்ற விமானப்படை ரிசர்வ் அதிகாரியை, அவருடைய தந்தையும் சகோதரியும் கம்யூனிஸ்ட் சார்புடையவர்கள் என்று சொல்லி, அந்தக் கம்யூனிஸ்ட் பயச் சூழலில், விமானப்படை பதவியிலிருந்து நீக்க முற்பட்டது. அவருடைய தேசப்பற்றை யாரும் சந்தேகிக்கவில்லை. தந்தை செர்பிய மொழிப் பத்திரிகை வாசித்ததும் குற்றப்பட்டியலில் இருந்தது. ஆதாரமெல்லாம் ஓர் ஒட்டிய உறைக்குள் இருக்கிறது என்றார்களே தவிர, அதை அவருக்கோ அவருடைய வழக்கறிஞருக்கோ பிரித்துக் காட்டவில்லை. உறவினர்களை வைத்துத் தன்னை எடைபோடுவதென்றால், நாளை தன் பிள்ளைகளிடமும் தந்தையைத் தள்ளிவிடச் சொல்வார்களா என்று கேமரா முன் அவர் கேட்டார். 1953 அக்டோபர் 20 அன்று மர்ரோ அதைத் தன் நிகழ்ச்சியில் ஒளிபரப்பினார். ஐந்தே வாரத்தில், நவம்பர் 24 அன்று, விமானப்படைச் செயலாளர் அதே நிகழ்ச்சியில் தோன்றி, ரடுலோவிச் பணியில் தொடர்வார் என்று அறிவித்தார்.

மார்ச் நிகழ்ச்சிக்கு விளம்பரம் தர சிபிஎஸ் நிறுவனம் முன்வராததால், மர்ரோவும் தயாரிப்பாளர் ஃப்ரெட் ஃப்ரெண்ட்லியும் சொந்தப் பணத்தில் நாளிதழில் விளம்பரம் கொடுத்தார்கள். மெக்கார்த்தியின் படப்பதிவுகளையே காட்டி, அவர் பேச்சை உண்மைத் தகவல்களோடு ஒப்பிட்டதுதான் அந்த நிகழ்ச்சியின் வலிமை. மாற்றுக் கருத்தைத் தேசத்துரோகம் என்று குழப்பிக்கொள்ளக் கூடாது, குற்றச்சாட்டே நிரூபணமாகிவிடாது என்று மர்ரோ இறுதியில் சொன்னபோது, ரடுலோவிச்சின் பிரிக்கப்படாத அந்த உறைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

பதில் சொல்ல ஏப்ரல் 6 அன்று அதே நேரத்தை மெக்கார்த்திக்குக் கொடுத்தார்கள். அவரோ மர்ரோவையே கம்யூனிஸ்டுகளுக்குத் துணைபோனவர் என்று பழித்தாரே தவிர, நிகழ்ச்சியில் சொன்ன தகவல்களைத் தொடவே இல்லை. டிசம்பர் 2 அன்று செனட் சபை 67–22 என்ற வாக்குகளில் அவரைக் கண்டித்தது.