அரை டிரம்மில் வாடும் கறிவேப்பிலைக் கன்றுக்கு

ஒரு சாண் கறிவேப்பிலைக் கன்றை 100 லிட்டர் அரை டிரம்மில் நட்டு இரண்டு மாதமாகியும் துளிர் இல்லை, இலை மஞ்சளாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தொட்டி பெரிதாகிவிட்டது என்றே நினைக்கிறேன். இப்போதைக்கு உரம் எதுவும் போடாதீர்கள். அந்தச் சின்ன வேர் குடிப்பது ஒரு டம்ளர். நீங்கள் ஊற்றுவது ஒரு குடம். மிச்சம் உள்ளேயே கிடந்து வேரை அழுக வைக்கும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், மேலே காய்ந்திருந்தாலும் நுனியில் சேறு ஒட்டும்.

வேர்மண் உதிராமல் எடுத்து 8 அங்குல மண்தொட்டிக்கு மாற்றுங்கள். சுட்ட மண் பக்கவாட்டிலும் ஈரத்தை வெளியேற்றும். கறுத்துக் கொழகொழவென்றிருக்கும் வேர்களை நறுக்கிவிடலாம். அடித்துளையில் வேர் எட்டிப் பார்க்கும்போது 12 அங்குலம், பிறகு 18. டிரம் அதற்கும் அப்புறம்.

அடியில் ஜல்லி பரப்பியதாகச் சொல்கிறீர்களே, அது வடிகாலுக்கு உதவாது. நுண்ணிய மண்ணிலிருந்து நீர் ஜல்லிக்குள் எளிதில் இறங்காது. ஈர அடுக்கு வேருக்கு இன்னும் அருகில் ஏறிவிடும். துளை மேல் ஓர் ஓட்டுச் சில்லு போதும். (நானும் பல வருடம் மாடிக்கு ஜல்லி சுமந்தவன்தான்.)

டிரம் காலியாக இருக்க வேண்டாம், இரண்டு கத்தரிக் கன்று வையுங்கள்.