சமீபகாலத்தில் வந்த நூல்களில் உங்களுக்கு மிகப் பிடித்த புனைவும் அபுனைவும் எவை?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து எழுதுகிறேன். இங்குள்ள தமிழர் வாழ்வைப் பற்றிய நல்ல நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. என் தேர்வுகளும் அப்படியே.

புனைவில் முதலிடம் ஜோஆன் ஜோசஃப் எழுதிய ‘சில்ட்ரன் ஆஃப் சுகர்கேன்’ (2021). சென்னை மாகாணத்துக் கிராமத்துப் பெண் சாந்தி, வேண்டாத கல்யாணத்துக்குத் தப்பி நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் பகுதி, அன்று பிரிட்டிஷ் காலனி) கப்பலேறி, கரும்புத் தோட்டக் கூலியாகிறாள். இதைத் தனியாகப் படிக்காதீர்கள். அஷ்வின் தேசாயும் கூலம் வாஹெட்டும் எழுதிய ‘இன்சைட் இந்தியன் இன்டென்ச்சர்’ என்ற வரலாற்று நூலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2010இல் வந்தது, புத்தம் புதிதல்ல. ஆனாலும் அபுனைவில் என் முதல் தேர்வு அதுதான்.

ஏன் இரண்டும் சேர்ந்து? நாவலில் வரும் கொடுமைகளைப் படிக்கையில் “விட்டுவிட்டு ஓடியிருக்கலாமே” என்று தோன்றும். ஓட வழியில்லை. ஒப்பந்தம் 5 வருடம். முதலாளி எழுதித்தரும் சீட்டு இல்லாமல் தோட்டத்தைவிட்டு வெளியே காலடி வைத்தால் பிடித்து அடைப்பார்கள். அந்த முதலாளிமேல் புகார் சொல்லப் போவதற்கும் அதே சீட்டு வேண்டும். ஆணுக்கு முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. 100 ஆண்களுக்குச் சுமார் 40 பெண்கள் என்ற கணக்கில்தான் கப்பலில் ஏற்றினார்கள்; தோட்டத்தில் பெண்கள் பட்ட பாட்டுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒப்பந்தம் முடிந்தாலாவது விடுதலையா என்றால், 1895 சட்டம் வந்தது: மறுபடி கையெழுத்திடாமலும் ஊர் திரும்பாமலும் இருப்பவர் வருடம் 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 3 பவுண்டு என்பது 60 ஷில்லிங், ஆறு மாதக் கூலி! பின்னால் 16 வயதான பையனுக்கும் 13 வயதான பெண்ணுக்கும்கூடத் தனித்தனியாக இதே வரி. தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்ற 1913 போராட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்று இந்த வரியை ஒழிப்பது. இந்தக் கணக்கெல்லாம் மனதில் இருந்தால் சாந்தியின் கதை வேறு மாதிரி கனக்கும்.

இந்த இரண்டையும் படித்த கையோடு பலர் தங்கள் முன்னோரைத் தேடத் தொடங்குகிறார்கள். டர்பன் அருகே வெஸ்ட்வில்லில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன: ஆளின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். பெரும்பாலோர் சறுக்குவது குடும்பப் பெயரை வைத்துத் தேடுவதில். வந்தவர்களில் பலருக்கு ஒற்றைப் பெயர்தான். இன்றைய குடும்பப் பெயர் தகப்பன் பெயராகவோ சாதிப் பட்டமாகவோ பின்னால் ஒட்டியது. ஊர்ப் பெயரையும் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஆகவே வீட்டிலுள்ள பழைய பிறப்பு, திருமணச் சான்றிதழ்களில் காலனி எண் (வந்திறங்கிய ஒவ்வொரு கூலிக்கும் தந்த பதிவு எண்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்த நாவல் டேமன் கால்கட்டின் ‘தி ப்ராமிஸ்’, 2021 புக்கர் பரிசு பெற்றது. பிரிட்டோரியா அருகே ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், நான்கு சாவுகள், வேலைக்காரி சலோமிக்குத் தருவதாகச் சொன்ன ஒரு வீடு. மேற்கோள் குறிகளே கிடையாது; ஒரே பத்திக்குள் பார்வை ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குத் தாவும். தினம் பத்துப் பக்கம் என்று படித்தால் கதையின் இழை அறுந்துபோகும். நான்கு பகுதிகள்தான், ஒவ்வொன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். சலோமியின் மனம் ஏன் நமக்கு அதிகம் திறக்கப்படவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டே போங்கள். அது ஆசிரியர் தெரிந்தே செய்தது.

அபுனைவில் இன்னொன்று, ஜானி ஸ்டைன்பர்க்கின் ‘வின்னி அண்ட் நெல்சன்’ (2023). மண்டேலாவைச் சிறையில் பார்க்க வந்தவர்களோடு அவர் பேசியதை அரசு ரகசியமாகப் பதிவு செய்தது. அந்தப் பதிவுகளை வைத்து மண்டேலா, அவர் மனைவி வின்னி ஆகியோரின் திருமணக் கதையைச் சொல்கிறார் ஸ்டைன்பர்க். இருவரையும் தெய்வமாக்கவும் இல்லை, தூற்றவும் இல்லை. தடித்த நூல், ஆனாலும் வேகமாகப் போகும்.

டர்பன் கடற்கரை மாளிகைக் கதை வேண்டுமென்றால் ஷப்னம் கானின் 2024 நாவல் நன்றாக இருக்கும். வாங்கும்போது கவனம்: தென்னாப்பிரிக்கப் பதிப்பின் பெயர் ‘தி லாஸ்ட் லவ் ஆஃப் அக்பர் மன்சில்’, அமெரிக்கப் பதிப்பு ‘தி ஜின் வெயிட்ஸ் எ ஹண்ட்ரட் இயர்ஸ்’. இரண்டும் ஒரே நூல்.