ஆலங்கட்டி மழையில் உடைந்த சோலார் பேனலை என்ன செய்வது?

ஆலங்கட்டி மழையில் இரண்டு பேனல்களின் கண்ணாடி நொறுங்கிவிட்டது, பழைய இரும்புக்குப் போடலாமா, நிலக்கரியைவிட சோலார்தான் விஷம் என்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று: கண்ணாடி உடைந்திருந்தாலும் வெளிச்சம் பட்டால் பேனலில் மின்சாரம் வரும். வெறுங்கையால் தொடாதீர்கள். எலக்ட்ரீஷியனை வைத்துக் கழற்றி, தடித்த துணியால் மூடி, மழை படாத இடத்தில் வையுங்கள். சிலிக்கான் பேனலின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு கண்ணாடி, அப்புறம் அலுமினியச் சட்டம். செல்களை இணைக்கும் பற்றவைப்பில் பெரும்பாலும் கொஞ்சம் ஈயம் இருக்கும். பழைய இரும்புக்குப் போட்டால் சட்டத்தையும் செம்புக் கம்பியையும் உருவிக்கொண்டு மிச்சத்தை எங்காவது கொட்டிவிடுவார்கள் என்பதுதான் என் கவலை. பின்பக்க லேபிளில் காட்மியம் டெல்லுரைடு (காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த சேர்மம்) என்றிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். விற்றவரிடம் திரும்ப எடுப்பாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் உரிமம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.

நிலக்கரி ஒப்பீடு தவறு. 2050 வரை உலகம் முழுக்கச் சேரும் பேனல் கழிவு 7.8 கோடி டன்னை எட்டலாம் என்று சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை 2016இல் கணித்தது. நிலக்கரிச் சாம்பல் ஒரே ஆண்டில் அதைப்போலப் பல மடங்கு சேர்கிறது, அதுவும் ஆர்சனிக், பாதரசத்தோடு.