பாட்டின் வாலில் ஒரு பெயர்

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் கிடந்த போனோகிராப் தட்டு ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். பாடி முடித்த அம்மாள், கடைசியில் தன் பெயரை இங்கிலீஷில் சொல்கிறார். கம்பெனி பெயரைச் சொல்லும் வழக்கமும் உண்டாமே? அந்தக் காலத்துக் கலைஞர்களுக்குமா இந்தத் தம்பட்டம்?
- கீழக்கரை வாசகர்

பதில்: தம்பட்டமா? அந்த நாள் ஒலிப்பதிவு அறைக்குள் ஒரு தம்பட்டத்தை விட்டிருந்தால், பாட்டைப் பதிய மெழுகைக் கீறும் ஊசி துள்ளி விழுந்திருக்கும். மைக் கிடையாது. தகரக் குழாய்க்குள் தலையை நுழைக்காத குறையாக நின்று பாட வேண்டும்.

அப்புறம், பழைய வழக்கு ஒன்று. போனோகிராபுக்கு ஏது ஐயா தட்டு? எடிசன் 1877இல் செய்தது உருளையில் பதியும் பொறி. தட்டு என்பது பெர்லினர் 1887இல் கொண்டுவந்த கிராமபோனுக்கு உரியது. இந்தப் பக்கத்தில் இதை எத்தனை முறை எழுதினேன் என்ற கணக்கே எனக்கு விட்டுப்போயிற்று. ‘ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்’ கம்பெனித் தட்டு லேபிளில் இருக்கும் நாய்கூட ஓவியத்தில் முதலில் உட்கார்ந்திருந்தது போனோகிராபுக்கு முன்னால்தான். பிறகு ஓவியர் அந்தப் பொறியை அழித்துக் கிராமபோனை வரைந்தார். நாய் மறுப்பேதும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

உருளையில் லேபிள் ஒட்ட இடம் இல்லை. அதனால் அமெரிக்க உருளைகளில் பாட்டுக்கு முன்னால் ஒருவர் பாட்டின் பெயர், பாடுகிறவர் பெயர், இன்ன கம்பெனிக்காக என்பதையெல்லாம் உரக்கச் சொல்வார். தட்டு வந்து, நடுவில் லேபிளும் வந்த பிறகும் வாய் ஓயவில்லை. 1902இல் கல்கத்தாவில் பாடிய பாடகி கௌஹர் ஜான், பாட்டின் கடைசியில் ‘மை நேம் இஸ் கௌஹர் ஜான்’ என்றார். பதிவு கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய்த்தான் தட்டாக வேண்டும். அங்கே இருப்பவருக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டாமா என்று காரணம் சொல்கிறார்கள். பாம்பனிலிருந்து ஐஸ் போட்டு வெளியூர் போகும் மீன்பெட்டியின் மேல் பெயிண்டால் இரண்டு எழுத்து எழுதுகிறோமே, அதற்குப் பெயர் தம்பட்டமா? விலாசம் ஐயா, விலாசம்.

தம்பட்டம் எது என்று நான் சொல்கிறேன். மண்டபத்தில் என் அக்காள் மகன் கல்யாணம். மைக் செட்டுக்காரர் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், ‘உங்கள் செவிகளுக்கு விருந்தளிப்பது’ என்று தொடங்கித் தம் கடைப் பெயர், தம் தகப்பனார் பெயர், அச்சுந்தன்வயலிலிருந்து வரும் வழி எல்லாம் சொன்னார். தாலி கட்டும்போதும் சொன்னார். மாப்பிள்ளை பெயரை ஒரே ஒரு தடவை சொன்னார். அதுவும் பெண்ணின் தம்பி பெயர். மொய் எழுதவந்த பாதிப்பேர் அந்தப் பையனைத் தேடிப்போய்க் கை குலுக்கினார்கள். பன்னிரண்டு வயதுப் பையன், வாங்கிய கவர் எதையும் திருப்பித் தரவில்லை.

உங்கள் தட்டுக்கு வருகிறேன். ஒரு தடவை ஓட்ட ஒரு புது ஊசி என்பதுதான் கணக்கு. உங்கள் ஊர் உப்புக் காற்றில் டப்பாவுக்குள்ளேயே ஊசி துருப்பிடித்திருக்கும், பார்த்துப் போடுங்கள். இரும்பு ஊசி ஓட ஓட மழுங்கும். மழுங்கிய ஊசி உள்வட்டத்துக்கு வந்துதான் தட்டை அதிகமாகச் சுரண்டும். அந்த அம்மாள் தன் பெயரைச் சொல்லும் இடம் அதுதான்.