ஹேவ்லாக்கில் கடைசி நாள் டைவிங் வேண்டாம்

வணக்கம். கடைசி நாள் காலை அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவிங் (காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவது), அன்றைக்கே போர்ட் பிளேர் வந்து சென்னைக்கு விமானம் என்று திட்டம் போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை மட்டும் மாற்றிவிடுங்கள்.

ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. மேலே வந்தபின் மெதுவாகத்தான் வெளியேறும். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைவு என்பதால் மிச்சமிருப்பது குமிழியாகிவிடலாம், சோடா பாட்டிலைத் திறந்ததும் நுரைக்குமே, அதுபோல. ஒரு முறை இறங்கினால் 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரமாவது கழித்துத்தான் பறக்க வேண்டும். நானாக இருந்தால் முழுசாக ஒரு நாள் விடுவேன்.

அதனால் போய்ச் சேர்ந்த மறுநாளே டைவிங்கை முடித்துவிட்டு, ராதாநகர் கடற்கரையைக் கடைசிக்கு வையுங்கள்.

அப்புறம், மனைவிக்கு நீச்சல் தெரியாது என்றீர்களே, அதற்குப் பயப்பட வேண்டாம். முதல்முறை இறங்குபவருடன் பயிற்றுநர் கூடவே இருப்பார். சிரமம் காதில்தான். இரண்டு மூன்று மீட்டரிலேயே அடைத்துக்கொள்ளும். வலி தொடங்கும் முன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் 'டப்'பென்று திறக்கும். திறக்கவில்லையென்றால் சைகை காட்டிக் கொஞ்சம் மேலே வர வேண்டும். சளி பிடித்திருந்தால் இறங்கவே வேண்டாம், கட்டிய பணம் போனாலும் சரி.